செவ்வாயில் கால்வாய்: ஒரு படத்தை எப்படி வாசிப்பது?

இணையத்தில் இன்று செவ்வாய்க் கோளின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. விண்கலங்கள் எடுத்து அனுப்பியவை ஒரு பக்கம். வீட்டு முற்றத்திலோ திடலிலோ தொலைநோக்கியை நிறுத்தி ஆர்வலர்கள் எடுத்தவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகைப் படங்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

‘தமிழாசிரியருக்கும் தொலைநோக்கிக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாய்மொழிப் பயிற்சிக்குக் காணொளி காட்டுகிறோம். கட்டுரைக்குப் படம் கொடுக்கிறோம். கவிதையை வரிவரியாகப் பிரித்து ‘இதை யார் சொல்கிறார், ஏன் சொல்கிறார்’ என்று கேட்கும் நாம், படம் என்று வந்துவிட்டால் ‘என்ன தெரிகிறது?’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். படத்தையும் ஒருவர் ‘எழுதியிருக்கிறார்’ என்பதை மாணவர்களுக்குக் காட்ட, ஆர்வலர் எடுத்த செவ்வாய்ப் படத்தைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சின்னப் புள்ளி, பெரிய படம்

முதலில் அளவைப் பார்ப்போம். செவ்வாய் ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கு அருகில் வரும். எல்லா முறையும் ஒரே அளவு நெருக்கம் கிடையாது. 2003 ஆகஸ்டில் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. 2025 ஜனவரியிலோ சுமார் 9.6 கோடி கிலோமீட்டர்.

இந்த எண்களை மாணவர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி நாணயத்தை 350 மீட்டர் தள்ளி ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 2025 ஜனவரியில் வானத்தில் செவ்வாய் அந்த அளவுதான். 2003இல் அதே நாணயம் 200 மீட்டருக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தொலைநோக்கியால் அந்த நாணயத்தின் குறுக்கே ஏறக்குறைய 25 புள்ளிகளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். செவ்வாயின் விட்டம் சுமார் 6,780 கிலோமீட்டர். ஆக, ஒரு புள்ளிக்கு 270 கிலோமீட்டர் வருகிறது. சிங்கப்பூர்த் தீவு ஐந்தைக் கிழக்கு மேற்காக வரிசையாக வைத்தாலும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் வரும் ‘துல்லியமான’ படங்களைப் பார்த்தால், ‘இவ்வளவு விவரம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி தானாக எழும்.

ஒரு படம் இல்லை, ஆயிரம் படங்கள்

விடை இதுதான்: நாம் பார்ப்பது ஒரே நொடியில் ‘க்ளிக்’ செய்த படமே இல்லை. பூமியின் காற்று எப்போதும் அலைந்துகொண்டே இருக்கிறது. கொதிக்கும் பானைக்கு மேலே எதிரில் உள்ள சுவர் நெளிவதுபோலக் கோளும் நெளியும். ஆனால் அந்த நெளிவுக்கு நடுவே கணநேரம் காற்று அடங்கும். அந்தக் கணங்களைப் பிடிக்க ஆர்வலர்கள் இரண்டு மூன்று நிமிடம் காணொளியாகவே எடுக்கிறார்கள். அதில் பல்லாயிரம் ஃபிரேம்கள் இருக்கும். ரெஜிஸ்டாக்ஸ், ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள்கள் அவற்றைத் தரம் பிரித்து, மோசமானவற்றைத் தள்ளி, நல்லவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கின்றன. செவ்வாய் 24 மணி 37 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், ரொம்ப நேரம் எடுத்தால் விவரங்கள் நகர்ந்து கலங்கிவிடும்.

இந்த வேலை நமக்குப் பழக்கமானதுதான். ஒரு சுவடியை மட்டும் நம்பி யாரும் நூலைப் பதிப்பிக்க மாட்டார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை வைத்து ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடம் இன்னோர் ஏட்டில் முழுமையாக இருக்கும். ஓர் எழுத்தாளரின் கைப்பிழை மற்றோர் ஏட்டில் இருக்காது. ஒவ்வொரு ஃபிரேமும் காற்று எழுதிய ஒரு பிரதி. அடுக்குவது ஒப்புநோக்கும் வேலை.

அதனால் ‘மென்பொருளில் போட்டாலே பொய்’ என்று சொல்லும் தரப்பை நான் ஏற்கவில்லை. திருத்தாத ஃபிரேம்தான் உண்மை என்றால், காற்றின் பிழைதான் உண்மை என்று ஆகிவிடும். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. அடுக்கிய படம் மங்கலாக இருக்கும். அதைக் கூர்மையாக்கும் கருவியைக் கொஞ்சம் கூட்டினால் மறைந்திருந்த விவரம் எழுந்து வரும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் இல்லாத விவரமும் வரும். நிறுத்த வேண்டிய இடத்தை எந்த மென்பொருளும் சொல்லாது. எடுப்பவரின் நிதானம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. பல படங்களில் செவ்வாயின் பிரகாசமான ஓரத்துக்கு உட்புறத்தில், அதை ஒட்டியே மெல்லிய கருப்பு வளைவு ஒன்று தெரியும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் அது செவ்வாயில் கிடையாது. வெளிச்சமும் இருட்டும் திடீரென்று சந்திக்கும் இடத்தில் ஒளியியலும் கூர்மையாக்கலும் சேர்ந்து உண்டாக்கும் போலி விளிம்பு அது.

எது நல்ல படம்?

பகிரப்படும் வேகத்தைப் பார்த்தால், அதிகச் சிவப்பும் அதிகக் கூர்மையும் உள்ள படம்தான் ‘நல்ல படம்’ என்று தோன்றும். என் கருத்து வேறு. மூன்று அளவுகோல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, குறிப்பு. தேர்ந்த ஆர்வலர்கள் படத்தோடு தேதி, உலக நேரம், தொலைநோக்கியின் அகலம், வடிகட்டியின் வகை, அன்றைய காற்றின் நிலை எல்லாவற்றையும் எழுதுவார்கள். அது பதிப்புரை மாதிரி. அதை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பகிரும்போது, ஆய்வுக்குரிய பிரதி வெறும் சுவரொட்டியாகிவிடுகிறது.

இரண்டாவது, அடக்கம். 2018 கோடையில் செவ்வாய் நல்ல நெருக்கத்தில் வந்தது. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. ஆர்வலர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். ஆனால் அதே நேரத்தில் கோள் முழுவதையும் ஒரு தூசிப்புயல் மூடிக்கொண்டது. சூரிய ஒளியை நம்பியிருந்த ஆப்பர்சூனிட்டி ஊர்தி அந்த ஜூன் மாதத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. அப்போது எடுத்த பல படங்களில் வெளிறிய மஞ்சள் உருண்டையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘ஒன்றுமே தெரியலையே’ என்று தள்ளிவிடத் தோன்றும். என்னைக் கேட்டால், அவையே அந்த ஆண்டின் மிக நேர்மையான படங்கள். கூர்மையாக்கி எதையாவது வரவழைத்திருக்க முடியும். வரவழைக்காமல் விட்டதில்தான் அவற்றின் மதிப்பு இருக்கிறது.

மூன்றாவது, ஒத்த சாட்சி. 2012 மார்ச்சில் செவ்வாயின் ஓரத்தில் கொம்பு முளைத்தமாதிரி ஒரு துருத்தல் ஆர்வலர்களின் படங்களில் தெரிந்தது. ஒருவர் படத்தில் மட்டும் இருந்திருந்தால் ‘கூர்மையாக்கியதால் வந்தது’ என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு கருவிகளில் எடுத்தவர்களின் படங்களிலும் அது இருந்தது. தரைக்குமேல் 200 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்துக்கு எழுந்த முகில் அது என்று 2015இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் கட்டுரையே வந்தது. ஆர்வலர்களின் படங்களை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

கிரீனிச் மாணவர்களும் நம் மாணவர்களும்

சரி, படத்தை மிகையாக வாசித்தால் என்ன குடியா முழுகிப்போகும்? வரலாறு பதில் வைத்திருக்கிறது.

1877இல் மிலான் நகரத்தில் இருந்த ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்று எழுதினார். அந்த இத்தாலியச் சொல்லுக்கு இயற்கையாக ஓடும் நீர்த்தடம் என்றும் பொருள், மனிதர் வெட்டிய கால்வாய் என்றும் பொருள். ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டாவது பொருளே நிலைத்தது. ஓடையா, கால்வாயா என்று தமிழில் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும். ஓடை தானாக ஓடுவது. கால்வாய் ஒருவர் வெட்டியது. வெட்டியது என்றால் வெட்டியவர் இருக்க வேண்டுமே! அமெரிக்காவின் பெர்சிவல் லோவல் அந்த ‘வெட்டியவர்களை’ நம்பிப் புத்தகங்களே எழுதினார். 1905இல் அவருடைய ஆய்வகத்தில் லாம்ப்லாண்ட் செவ்வாயைப் புகைப்படம் எடுத்தார். படத்தில் கோள் ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை. கால்வாய்கள் படத்தில் பதிந்துவிட்டன என்று லோவல் அறிவித்தார். நம்பியவர்களுக்குக் கோடு தெரிந்தது, நம்பாதவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. ஆசிரியர்களான நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது. கிரீனிச் வானாய்வாளர் மாண்டர் பள்ளி மாணவர்களை வகுப்பில் உட்கார வைத்து, செவ்வாயின் படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார். அந்தப் படத்தில் கால்வாய்க் கோடுகள் கிடையாது. ஒழுங்கற்ற திட்டுகளும் புள்ளிகளும்தான். அருகில் உட்கார்ந்தவர்கள் இருப்பதை வரைந்தார்கள். ரொம்பத் தள்ளி இருந்தவர்களுக்கு நுணுக்கம் எதுவும் தெரியவில்லை. நடுவில் இருந்தவர்களோ நேர்க்கோடுகள் வரைந்தார்கள்! யாரும் ஏமாற்றவில்லை. கண் அரைகுறையாகக் கண்ட புள்ளிகளை மனம் இணைத்துக் கோடாக்கிவிட்டது. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் அருகே போய் எடுத்த படங்களில் பள்ளங்கள் இருந்தன. கால்வாய் இல்லை.

அந்த நடு வரிசை மாணவர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். பாதி தெரிந்ததை முழுதாகச் சொல்பவர்கள். ‘நன்றாகப் பேசுகிறான்’ என்று நாம் தட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர்களைத்தான். ‘படத்தில் இது தெளிவாக இல்லை ஐயா’ என்று சொல்லும் மாணவனை, சொல்ல ஒன்றுமில்லாதவன் என்று எண்ணிக் கடந்துபோய்விடுகிறோம். செயற்கை நுண்ணறிவு நிமிடத்துக்கு ஒரு படம் வரைந்து தரும் இந்தக் காலத்தில், அப்படிக் கடந்துபோவது ஆபத்து.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கு ஒரு பாடவேளை போதும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆர்வலர்கள் எடுத்த செவ்வாய்ப் படங்களைக் குறிப்புகளோடு தேர்ந்தெடுங்கள். முதலில் குறிப்புகளை மறைத்து, படத்தை மட்டும் காட்டி விவரிக்கச் சொல்லுங்கள். பிறகு குறிப்புகளைக் கொடுங்கள். எல்லாப் படங்களிலும் இருப்பது எது, ஒன்றில் மட்டும் இருப்பது எது என்று இரண்டு பட்டியல் போடச் சொல்லுங்கள். முதல் பட்டியலை நம்பலாம். இரண்டாவதை விசாரிக்க வேண்டும்.

மொழிக்கும் இதில் நல்ல வேலை உண்டு. ‘இருக்கிறது’, ‘தெரிகிறது’, ‘போலத் தோன்றுகிறது’, ‘இருக்கக்கூடும்’ ஆகிய நான்கும் நான்கு அளவு உறுதியைச் சொல்கின்றன. நம் மாணவர்கள் பேச்சிலும் எழுத்திலும் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் இந்த நான்கில் எது பொருந்தும் என்று அவர்களே முடிவு செய்து, காரணமும் சொல்லட்டும். இலக்கணப் பயிற்சியும் ஆயிற்று, சிந்தனைப் பயிற்சியும் ஆயிற்று.

செவ்வாய் அடுத்து 2027 பிப்ரவரியில் நெருங்கி வருகிறது. இம்முறை நாணயம் இன்னும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். இருந்தாலும் படங்கள் வந்து குவியத்தான் போகின்றன. அதற்குள் நம் மாணவர்களுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிடலாம்: ‘இது அங்கே இருந்ததா, இங்கே வந்ததா?’