பிடித்துவிடும் கைகள்

பள்ளிகொண்ட விஷ்ணுவின் படத்தைக் காலண்டரில் பார்த்தே நம்மில் பலர் வளர்ந்தோம். அவர் பாம்பணையில் சாய்ந்திருக்க, லட்சுமி கால்மாட்டில் அமர்ந்து காலைப் பிடித்துவிடுகிறாள். உத்தரப் பிரதேசத்தின் தேவ்கட்டில், குப்தர் காலத் தசாவதாரக் கோயில் சுவரிலும் இதே காட்சி கல்லில் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக அவள் கைக்கு ஓய்வில்லை. அவளுக்குத் தோள் வலிக்குமா என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

இன்னொரு படம், நகரத்து ஸ்பா விளம்பரப் பலகை. வெள்ளைத் துண்டின்மேல் ஒரு பெண் கண்மூடிக் குப்புறப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் மெழுகுவர்த்தி, பூ. இங்கே சுகம் பெறுபவள் பெண். முன்னேற்றம்தானே என்று தோன்றும். அவள் முதுகின்மேல் இருக்கும் கைகளைப் பாருங்கள். பெரும்பாலும் மணிக்கட்டோடு படம் முடிந்துவிடும். அந்தக் கைகளுக்கு முகம் கிடையாது.

இரண்டையும் நான் சேர்த்தே வாசிக்கிறேன். முதல் படம் உழைப்பை அன்பு என்று சொல்லி மறைக்கிறது. இரண்டாவது, ஆடம்பரம் என்று சொல்லி மறைக்கிறது.

நம் மொழியிலும் இது படிந்திருக்கிறது. நீவுவது, உருவுவது, அமுக்குவது, பிடித்துவிடுவது என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றுக்கும் கை வேறு விதமாக வேலை செய்ய வேண்டும். ஆனால் 'காலைப் பிடிப்பது' என்றால் கெஞ்சுவது என்றும் பொருள். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செய்வது என்ற வரிசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மனைவி கணவனுக்கு, மருமகள் மாமியாருக்கு. சாதியும் இதில் உண்டு. ஊர்களில் பிரசவம் பார்த்து, பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய மருத்துவச்சி பல இடங்களில் நாவிதர் சமூகத்துப் பெண். அவர் கைத்திறன் வேண்டியிருந்தது. சமமாக உட்கார அவருக்கு இடம் தர வேண்டியிருக்கவில்லை.

பின்னங்கழுத்திலிருந்து தோள்வரை படர்ந்திருக்கும் ட்ரபீசியஸ் தசையை எடுத்துக்கொள்வோம். கணினிமுன் குனிந்திருப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைச் சுமப்பது எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. மசாஜ் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும், மனதையும் அமைதிப்படுத்தும். ஆனால் நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகமானது. வலியை உண்டாக்கிய வேலைப் பங்கீடு மாறாவிட்டால் வலியும் திரும்ப வரும். உனக்கென்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொள் என்கிற விளம்பரம், மீதி 23 மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒருமுறை என் தோளைப் பிடித்துவிட்ட அக்கா நடுவில் நிறுத்தி, கட்டைவிரலை உதறிக்கொண்டார். அன்றைக்கு நான் ஆறாவது ஆள் என்றார். கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும் வலிப்பது இந்தத் தொழிலில் சகஜம். உள்ளங்கை, விரல்களோடு முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றையும் பயன்படுத்தும் தாய்லாந்தின் 'நுவாத் தாய்' முறையை யுனெஸ்கோ 2019இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கற்றுத் தேற வேண்டிய அறிவு என்ற அங்கீகாரம் அது. இங்கோ 'மசாஜ் சென்டர்' என்ற சொல் பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான் அடிபடுகிறது. அங்கே இருக்கும் பெண்களுக்கு அச்செய்திகள் வைத்திருக்கும் பெயர் 'அழகிகள்'. 'தொழிலாளி' என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. இந்தப் பெயர் சூட்டலுக்கு விலை உண்டு. வாடிக்கையாளர் அத்துமீறினால் புகார் கொடுக்கப் போகிற பெண்ணை அந்தப் பெயர்தான் முதலில் வரவேற்கும்.

வலிக்கிற தோளுக்கு ஆறுதல் தேடுவதில் நமக்குக் குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் எழுந்து துண்டைச் சுற்றிக்கொள்ளும்போது சிலவற்றைக் கேட்கலாம். அடுத்த ஆளுக்கு முன் அவருக்கு ஓய்வு உண்டா? நாம் கொடுத்ததில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது? வேண்டாத ஆளை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா? இரவில் வீட்டுக்குப் போனபின் அவர் யார் காலைப் பிடித்துவிட வேண்டியிருக்கிறது?