மொழிபெயர்ப்புரிமையும் கடல்கடந்த தமிழரும்

ஏரி நிறைந்திருத்தல் மட்டும் ஊருக்குப் போதாது. மடை திறக்க வேண்டும். வாய்க்கால் ஓட வேண்டும். கடைமடை வயலுக்கும் நீர் சென்று சேர வேண்டும். அறிவும் அத்தகையதே. நூலை ஆக்குவோர் ஓரிடத்தில் இருக்கின்றனர். அதைக் கற்போர் வேறோரிடத்தில் காத்திருக்கின்றனர். இருவருக்கும் இடையே நாடு, மொழி, பொருள், சட்டம் என்னும் கரைகள் பல நிற்கின்றன. அக்கரைகளில் மடை அமைத்துத் தருதல் உலக நிறுவனங்களின் கடமை என்பர். அக்கடமையை அவை எவ்வாறு ஆற்றியுள்ளன என்பதை, தமிழாசிரியர்களுக்கு நெருக்கமானதாகிய மொழிபெயர்ப்புரிமையைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அறிவியல் நூல்களைத் தமிழாக்குவது பற்றிப் பேசும்போது நம்மில் பலர் கலைச்சொற்களைப் பற்றியே கவலைப்படுகின்றனர். கவலைப்பட வேண்டியதுதான். ஆயினும், அதற்கு முன்னே நிற்கும் வினா ஒன்று உண்டு. நூலாசிரியரின் இசைவு யாரிடம், எவ்வளவு காலத்தில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே அது.

பத்தாண்டு விதி

பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தம் 1886 இல் எழுந்தது. மொழிபெயர்ப்புரிமை நூலாசிரியருக்கு 10 ஆண்டுகளே உரியது என்று அது தொடக்கத்தில் வரையறுத்தது. 1896 இல் பாரிசில் இவ்விதி மாற்றப்பட்டது. 10 ஆண்டுகளுக்குள் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பு வெளிவராவிடின் அம்மொழியைப் பொறுத்தவரை உரிமை நீங்கும் என்பது புதிய விதி. இஃது ஆக்கியோனுக்கும் கற்போனுக்கும் நடுநின்ற நல்ல விதி எனலாம். ஆனால் 1908 இல் பெர்லினில் கூடியோர் அதனை நீக்கினர். மூல நூலின் உரிமைக்காலம் முழுவதும் மொழிபெயர்ப்புரிமையும் நீடிக்கும் என்றனர்.

பழைய விதியைத் தமக்கெனத் தக்கவைத்துக்கொள்ளவும் சில நாடுகளுக்கு இடமளிக்கப்பட்டது. அவற்றுள் சப்பான் ஒன்று. 1899 இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த அந்நாடு 1980 ஆம் ஆண்டின் இறுதிவரை பத்தாண்டு விதியை விடவில்லை. மேலைநாட்டு அறிவு சப்பானிய மொழியில் பெருகியதற்கு அம்மக்களின் உழைப்பே முதற் காரணம். எனினும் அவ்வுழைப்புக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

விடுதலை பெற்ற நாடுகளின் குரல்

யுனெஸ்கோவின் முயற்சியால் 1952 இல் செனீவாவில் உலகப் பதிப்புரிமை ஒப்பந்தம் உருவாயிற்று. 7 ஆண்டுகள் கடந்தும் ஒரு நூல் ஒரு நாட்டின் மொழியில் பெயர்க்கப்படாவிடின், உரிய தொகை கொடுத்து உரிமம் பெற அது வழி வகுத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு இது போதவில்லை. பள்ளிகள் பெருகின, நூல்கள் இல்லை. ஏழாண்டு காத்திருந்தால் அறிவியல் நூல் பழமையாகிவிடும். ஆதலின் 1967 இல் சுடாக்கோம் மாநாட்டில் இந்தியா முதலிய நாடுகள் விரிந்த சலுகைகளைக் கோரின. மாநாடும் அவற்றை ஏற்று ஒரு தனி நெறிமுறை வகுத்தது. ஆனால் மேலைநாட்டுப் பதிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தனர்; நெறிமுறை ஏட்டளவில் நின்றுவிட்டது.

அதன்பின் 1971 இல் பாரிசில் இரண்டு ஒப்பந்தங்களும் ஒருசேரத் திருத்தப்பட்டன. வளரும் நாடுகளுக்கெனப் பெர்ன் ஒப்பந்தத்தில் ஒரு பின்னிணைப்புச் சேர்ந்தது. இப்பின்னிணைப்பே நம் திறனாய்வுக்கு உரியது.

மடையா, பூட்டா?

பின்னிணைப்பை மேலோட்டமாகப் படிப்பவர் மகிழ்வர். வளர்ந்த நாடுகளில் பொதுவாக வழங்காத மொழியாயின், நூல் வெளிவந்து ஓராண்டு கழிந்ததும் கட்டாய உரிமம் கேட்கலாம். கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கே அது பயன்பட வேண்டும். நூலாசிரியருக்கு நியாயமான தொகை தரவேண்டும். இவை இரண்டும் முறையானவையே. எழுதியவன் வயிறு காய, படிப்பவன் அறிவு பெறுதல் அறமன்று.

ஆனால் தொடர்ந்து படிப்பவர் திகைப்பர். முதலில் உரிமையாளரிடம் இசைவு கேட்டு மறுக்கப்பட்டதையோ, தேடியும் அவர் அகப்படாததையோ மெய்ப்பிக்க வேண்டும். பின்னர் மேலும் 9 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளரே மொழிபெயர்ப்பை வெளியிட்டால் உரிமம் கிட்டாது. உரிமம் பெற்று அச்சிட்ட பின்பும் அவர் ஏற்ற விலையில் ஒரு பதிப்பை வெளியிட்டால் உரிமம் முடிவுறும். அச்சிட்ட படிகளை விற்றுத் தீர்க்கலாம், அவ்வளவே. இத்தனை இடர்களுக்கும் துணிந்து கைப்பொருளை இடும் பதிப்பாளர் யார்? இவ்வழியைப் பயன்படுத்திய நாடுகள் மிகச் சிலவே. வழங்கப்பட்ட உரிமங்களும் மிகச் சிலவே. மடை என்று சொல்லித் தந்தனர்; பார்த்தால் அதில் பூட்டுகள் பல.

இவற்றினும் நம்மைப் பெரிதும் தாக்குவது ஏற்றுமதித் தடை. ஒரு நாட்டில் உரிமம் பெற்று அச்சிட்ட நூலை வேறு நாட்டுக்கு அனுப்பலாகாது. ஆங்கிலம், பிரெஞ்சு, இசுபானியம் அல்லாத மொழிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. அரசோ பொது அமைப்போ விற்பனை நோக்கமின்றி, கல்விக்காக, அந்நாட்டின் இசைவுடன் அனுப்பலாம். ஆனால் பெறுவோர் உரிமம் வழங்கிய நாட்டின் குடிமக்களாகவோ அவர்தம் சங்கங்களாகவோ இருத்தல் வேண்டும்.

இதன் பொருள் யாது? சென்னையில் இவ்வுரிமத்தின்கீழ் ஒரு மருத்துவ நூல் தமிழில் வெளிவருவதாகக் கொள்வோம். கோலாலம்பூரில் தங்கியுள்ள இந்தியக் குடிமகன் அதைப் பெறலாம். அவருக்கு அடுத்த வீட்டில் வாழும் மலேசியத் தமிழ் மாணவன் பெறலாகாது. இருவரும் பேசுவது ஒரே தமிழ். படிக்க விரும்புவது ஒரே நூல். கடவுச்சீட்டு வேறு என்பதால் ஒருவனுக்கு நூல் உண்டு, ஒருவனுக்கு இல்லை. சட்டத்தை வகுத்தோர் நாட்டை எண்ணினரேயன்றி மொழியை எண்ணவில்லை.

உரிமமே அரிதாக வழங்கப்படும்போது இத்தடையால் என்ன இழப்பு என்று சிலர் வினவக்கூடும். இரண்டும் தொடர்புடையன என்பதே விடை. தமிழ் கற்போர் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் பிரிந்துள்ளனர். அவர்களை ஒரே வாசகர் கூட்டமாகக் கருத விடாமல், நாட்டுக்கு நாடு தனித்தனி உரிமம் கேட்கச் சொன்னால், எந்த நாட்டிலும் அச்சுச் செலவுக்குப் போதிய படிகள் விலைபோகா. விலைபோகாத நூலுக்கு எவரும் விண்ணப்பிக்கவும் மாட்டார்.

இசைவு முன்னே வந்தால்

இதற்கு மாறான வழியையும் அதே உலக நிறுவனங்கள் காட்டியுள்ளன. 1948 இல் தொடங்கிய 'யுனெஸ்கோ கூரியர்' திங்களிதழ் 1967 முதல் தமிழிலும் வெளிவந்தது. அதன் ஆசிரியராய் நெடுங்காலம் உழைத்த மணவை முஸ்தபா அவர்களின் கலைச்சொற் களஞ்சியங்களை ஆசிரியர் பலர் அறிவர். தொல்பொருளும் வானியலும் ஓவியமும் அவ்விதழின்வழித் தமிழில் வந்தன. பதிப்புரிமைக் குறிப்பில்லாத கட்டுரைகளை, இதழின் பெயரும் நாளும் குறித்து எவரும் மறுபதிப்புச் செய்யலாம் எனக் கூரியர் அறிவித்திருந்தது. அங்கே இசைவு முன்னரே ஆயத்தமாக நின்றது; கலைச்சொல்லாக்கம் அதன்பின் வளர்ந்தது. ஒருவர் வந்து கேட்டபின் தேடப்படும் இசைவு வேறு. கேட்குமுன் காத்திருக்கும் இசைவு வேறு.

2013 இல் மொரோக்கோ நாட்டின் மராக்கேசில் உலக அறிவுசார் சொத்து நிறுவனம் நிறைவேற்றிய ஒப்பந்தம் மற்றொரு சான்று. பார்வையற்றோரும் அச்செழுத்தைப் படிக்க இயலாத பிறரும் நூல்களைப் பிரெயில், ஒலிநூல் முதலிய வடிவங்களில் பெற அது வழிசெய்தது. 2016 இல் நடைமுறைக்கு வந்த அவ்வொப்பந்தத்தில் இந்தியா 2014 லும், சிங்கப்பூர் 2015 லும், மலேசியா 2022 லும் இணைந்தன. ஓர் உறுப்பு நாட்டில் ஆக்கிய பிரெயில் நூல் மற்றோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லலாம். பெறுவோன் எந்நாட்டுக் குடிமகன் என்று அது கேட்பதில்லை; அவனது தேவை யாது என்றே கேட்கிறது. 1971 இல் செய்ய முடியாது எனப்பட்டது 2013 இல் செய்யப்பட்டது. பதிப்புலகம் கவிழ்ந்துவிடவில்லை. பார்வையற்றோர் அமைப்புகள், நூலகங்கள், எழுத்தாளர், பதிப்பாளர் ஆகியோர் ஒருங்கே அமரும் கூட்டமைப்பொன்றும் 2014 இல் அந்நிறுவனத்தின் சார்பில் அமைந்தது.

அதே 2013 இல் யுனெஸ்கோ தன் வெளியீடுகளுக்குத் திறந்த உரிமக் கொள்கையை ஏற்றது. அவ்வுரிமத்தில் வரும் நூல்களை, மூலத்தைக் குறிப்பிட்டு, இது யுனெஸ்கோவின் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு அன்று எனவும் தெரிவித்து, எவரும் தமிழாக்கலாம். அத்தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் பிறருக்கு வழங்க வேண்டும். காத்திருத்தல் இல்லை, கடவுச்சீட்டு வினாவும் இல்லை.

முடிவுரை

ஆகவே உலக நிறுவனங்களைப் பற்றி நாம் கூறத்தக்கது இதுவாகும். நூலாசிரியருக்கு உரியதைக் கொடுத்து, கற்போரை நம்பி, இசைவை முன்னரே அளித்த இடங்களில் அவை வென்றுள்ளன. கற்போரை ஐயுற்று நிபந்தனை மேல் நிபந்தனை அடுக்கிய இடத்தில் தோற்றுள்ளன. பெர்ன் பின்னிணைப்பு இன்றும் திருத்தம் பெறாமல் நிற்கிறது. குடியுரிமை பற்றிய விதி நீங்கி, ஒரு மொழியில் பெற்ற உரிமம் அம்மொழி கற்பிக்கப்படும் நாடுகள் அனைத்துக்கும் செல்ல வேண்டும் என்பதைத் தமிழறிஞர் மாநாடுகள் ஒரு கோரிக்கையாக எழுப்புதல் தகும்.

கோரிக்கையோடு நின்றால் அது பிறரை மட்டும் குறைகூறுதல் ஆகும். திறந்த மடைகள் சில நம் கண்முன் உள்ளன. அவ்வாறு இசைவளிக்கப்பட்ட நூல்களுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் தேர்ந்து, நம் ஆசிரியர் சங்கங்கள் நல்ல தமிழில் பெயர்த்து, அதே உரிமத்தில் எல்லா நாட்டுத் தமிழ் மாணவர்க்கும் வழங்கலாகாதா? நீர் வரவில்லை என்று கரையில் நின்று கூறுவோர் வாய்க்கால் வெட்டியிருத்தலும் வேண்டும்.