ஐந்தில் மூன்றை எப்படித் தட்டச்சு செய்வது?

பயிற்றித் தாள்களில் பின்னத்தைச் சாய்கோடு போட்டு 3/5 என்று தட்டிவிடுவது நமக்குப் பழகிப்போச்சு. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று விட முடியாது. 2 1/2 என்பது இரண்டரை. நடுவிலுள்ள இடைவெளி விழுந்துவிட்டால் 21/2, அதாவது பத்தரை! 6/2(1+2) என்று கொடுத்தால் ஒரு மாணவர் 9 என்பார், இன்னொருவர் 1 என்பார். கோட்டுக்குக் கீழே எதுவரை வருகிறது என்று தாள் சொல்லவில்லை. மதிப்பெண் போவதோ மாணவருக்கு.

வேர்ட் மென்பொருள் 1/2 ஐத் தானாகவே ½ ஆக்கும். 3/5 ஐ அப்படியே விட்டுவிடும். ஒரே வினாவில் பின்னத்துக்கு இரண்டு உருவம். சமன்பாட்டுக் கருவியைத் திறந்து தட்டினால் இந்தக் குறை வராது.

இதற்கென்றே பிறந்தது டெக். தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படி பிடிக்காமல் 1977 இல் டொனால்ட் கனூத் அதை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியது லேடெக். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் நம்ம சி ரூசா தோட்டத்து ரப்பர்பால்தான்! இதில் தோற்றத்தைத் தட்டுவதில்லை. மேலே எது, கீழே எது என்று கட்டளையில் சொல்கிறோம். கோடும் அளவும் தாமாக அமையும். இது பெரிய நிறை.

ஆனால் தமிழுக்கு இரண்டு சிக்கல் உண்டு. நாம் 'ஐந்தில் மூன்று' என்கிறோம். கீழெண் முதலில் வருகிறது. லேடெக் கட்டளை மேலெண்ணை முதலில் கேட்கிறது. காதில் விழுந்த வரிசையில் தட்டினால் 5/3 அச்சாகும். அடுத்து, 'வேகம் = தூரம் ÷ நேரம்' போன்ற வாய்பாட்டைக் கணித முறைக்குள் நேரடியாகத் தட்டினால், அங்குள்ள வழக்கமான எழுத்துருவில் தமிழ் இல்லாததால் சொற்கள் காணாமல் போகும். அவற்றை உரைக் கட்டளைக்குள் அடைக்க வேண்டும்.

என் கணிப்பு இது: ஆண்டுக்கு ஓரிரு தாள் தயாரிப்பவருக்கு வேர்ட் சமன்பாட்டுக் கருவியே போதும். வினா வங்கியைப் பல ஆசிரியர்கள் சேர்ந்து தொகுப்பதானால் லேடெக் கற்கும் உழைப்பு வீண்போகாது. எதில் செய்தாலும் அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பின்னத்தையும் தமிழில் வாய்விட்டுப் படித்துப் பாருங்க.

மாணவர்களே, விடைத்தாளில் சாய்கோடு வேண்டாம்; படுக்கைக் கோடு போட்டு மேலும் கீழும் எழுதுங்க. திருத்துபவருக்கு ஐயம் வராது.