கூரையில்லாத காரும் பதில் சொன்ன ஊரும்

தனியாக ஓர் ஆள், கூரை திறந்த கார், வழியில் சின்னச் சின்னப் பழைய ஊர்கள். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் பயணக் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரிதான். காற்றில் முடி பறக்கும். கல் பாவிய சதுக்கத்தில் ஒரு காபி. நிழலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். சாயங்கால வெளிச்சத்தில் வண்டி கிளம்பிவிடும். இந்தக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். பிடித்துத்தான் படிக்கிறேன். ஆனால் சமீபமாக ஒரு கேள்வி கூடவே வருகிறது: இதில் அந்த ஊர் என்ன செய்கிறது? எழுதுபவர் பார்க்கிறார், யோசிக்கிறார், மாறுகிறார். ஊர் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. அமெரிக்க நாவலாசிரியர் ஈடித் வார்ட்டன் பிரான்சைக் காரில் சுற்றிய அனுபவத்தை 1908-இலேயே புத்தகமாகப் போட்டார். அவருக்குக் காரில் பிடித்த முக்கியமான விஷயம், ரயிலிலிருந்து கிடைத்த விடுதலை. ஸ்டேஷனைச் சுற்றியுள்ள அழுக்கு வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை; எந்தப் பக்கத்திலிருந்து ஊர் அழகோ அந்தப் பக்கமாக வரலாம். நியாயமான சந்தோஷம்தான். ஆனால் கவனியுங்கள், எப்படித் தெரிய வேண்டும் என்பதில் இங்கே வருகிறவரின் இஷ்டம் மட்டுமே இருக்கிறது. ஊரின் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு இத்தாலியப் படைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்று, டினோ ரிசி இயக்கிய ‘இல் சொர்பாஸோ’ (1962). இன்னொன்று, பியர் பாவ்லோ பசோலினி 1959 கோடையில் எழுதிய ‘மணலின் நீண்ட சாலை’ என்ற பயணத் தொடர். இரண்டுமே இத்தாலியில் திடீரென்று பணம் புழங்க ஆரம்பித்த, ஆளாளுக்குக் கார் வாங்கிக் கடற்கரைக்கு ஓடிய வருடங்களில் பிறந்தவை.

*

‘சொர்பாஸோ’ என்றால் முந்திப் போவது. நம் பேச்சில் ஓவர்டேக். ஆகஸ்ட் 15, நாடு முழுக்க விடுமுறை, ரோம் நகரம் காலி. புரூனோ (விட்டோரியோ காஸ்மன்) தன் லான்சியா அவுரேலியா கன்வெர்ட்டிபிளில் தனியாகச் சுற்றுகிறான். சிகரெட் வேண்டும், ஒரு போன் பண்ண வேண்டும், எல்லாக் கடையும் மூடியிருக்கிறது. லான்சியா தன் மாடல்களுக்குப் பழைய ரோமானியச் சாலைகளின் பெயரை வைத்த கம்பெனி. ஆக, அவுரேலியா என்ற கார் அவுரேலியா என்ற சாலையில், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழசான தடத்தில், ஹாரனை அலறவிட்டபடி ஓடப்போகிறது.

தனி ஆள், திறந்த கார், வரலாற்று நகரம் என்ற கனவை நான் சினிமாவில் இவ்வளவு சுத்தமாகப் பார்த்தது அந்த முதல் சில நிமிடங்களில்தான். ஆனால் அது சுதந்திரமாக இல்லை, பாவமாக இருக்கிறது. கூரையை எடுத்தது நாம் வெளியே பார்ப்பதற்கு மட்டுமா? வெளியே இருப்பவர்கள் நம்மைப் பார்ப்பதற்கும்தானே. பார்க்க ஆளில்லாத தெருவில் கன்வெர்ட்டிபிளுக்கு வேலையே இல்லை. அதனால்தான் ஜன்னலில் தென்பட்ட முதல் மனிதனை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சட்டக் கல்லூரி மாணவன் ரொபெர்த்தோவை (ழான்-லூயி த்ரந்தினியான்), புரூனோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான்.

வழியில் ரொபெர்த்தோவின் உறவினர்கள் வாழும் கிராமத்து வீட்டில் இறங்குகிறார்கள். ரொபெர்த்தோவுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய வீடு. புரூனோ உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்துவிடுகிறான். அந்த வீட்டின் வயதான வேலைக்காரர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர். ரொபெர்த்தோவின் பெரியப்பா மகன் என்று எல்லோரும் நினைக்கும் ஆள், பண்ணையைப் பார்த்துக்கொள்பவரின் மகன். இரண்டும் எப்போதும் கண் முன்னால் இருந்தவை, ரொபெர்த்தோதான் பார்த்ததில்லை.

இந்தக் காட்சி எனக்கு முக்கியம். வேகமாக வருகிறவன் எதையும் பார்ப்பதில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பொய். வெளியாளின் கண் சில சமயம் பயங்கரமான கூர்மையோடு இருக்கும். பிரச்சினை பார்வையில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. கண்டுபிடித்த உண்மையோடு குடித்தனம் நடத்த வேண்டியவன் புரூனோ இல்லை. அவன் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகுகிறான். அந்த வீட்டில் ஒருவருக்கும் அவனிடம் திருப்பிச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. ரொபெர்த்தோவின் பால்யம் மட்டும் அங்கேயே உடைந்து கிடக்கிறது.

*

பசோலினியின் வண்டி கன்வெர்ட்டிபிள் இல்லை. சாதாரண ஃபியட் 1100, அதாவது நம் ஊர் பத்மினியின் மூதாதை. வயது 37. ‘ஸுக்செஸ்ஸோ’ என்ற இதழுக்காக, பிரான்ஸ் எல்லையில் இருக்கும் வெந்திமில்யாவில் கிளம்பி, இத்தாலியின் மொத்தக் கடற்கரையையும் சுற்றித் திரியெஸ்தே வரை போனார். இதழின் பெயருக்கு ‘வெற்றி’ என்று பொருள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவ்லோ டி பாவ்லோ என்ற புகைப்படக்காரர் இந்த வேலையில் கூட்டாளி. ஆனால் இரண்டு பேரும் தேடிய இத்தாலி வேறு வேறு. எழுத்தில் நாம் பார்ப்பது தனியாக ஓட்டிப்போகும் ஒரு மனிதரை.

தொடரின் பெரும்பகுதி எனக்கு லேசாகத்தான் படுகிறது. கடற்கரை, உடம்புகள், வெயில், பிரபலங்கள், நகர்ந்துகொண்டே இருக்கும் சந்தோஷம். பக்கங்கள் சடசடவென்று ஓடுகின்றன. தெற்கே கலாப்ரியாவுக்கு வந்ததும் நடை மாறுகிறது. மஞ்சள் மணல்மேடுகளுக்கு நடுவே குட்ரோ என்ற ஊர். மொத்தப் பயணத்திலும் தன்னை மிகவும் பாதித்த இடம் இதுதான் என்கிறார். அதே மூச்சில், வெஸ்டர்ன் படங்களில் வருவது போல இது கொள்ளைக்காரர்களின் ஊர் என்றும் எழுதிவிடுகிறார்.

என் வேலையில் லாகில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு சிஸ்டமே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் ரிவ்யூவில் திரும்பி வந்துவிடும். பயண எழுத்துக்கு அப்படி ஒரு ரிவ்யூ பொதுவாகக் கிடையாது. இங்கே கிடைத்தது. குட்ரோ நகராட்சி அவதூறு என்று சட்டப்படி புகார் கொடுத்தது. அதே வருடம் பக்கத்து நகரமான க்ரொத்தோனேயின் பெயரிலுள்ள பரிசு பசோலினியின் ‘உனா வீத்தா வியொலெந்தா’ நாவலுக்குக் கிடைத்தது. ஒரே வட்டாரத்தில் மாலையும் வழக்கும்.

பசோலினி பொதுவெளியில் பதில் எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது: இத்தாலிய மொழியில் ‘பந்தீத்தோ’ என்ற சொல் விலக்கி வைப்பது என்ற வினையிலிருந்து வந்தது, கொள்ளைக்காரன் என்றால் சமூகம் வெளியே தள்ளியவன், என் அன்பு அவர்கள் பக்கம்தான். அழகான வாதம், சொற்பிறப்பும் சரி. இருந்தாலும் என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. அன்பாகவே இருக்கட்டும். வெஸ்டர்ன் என்ற ஒப்பீடு எங்கிருந்து வந்தது? அது குட்ரோவில் கிடைத்ததில்லை, திரையரங்கிலிருந்து அவர் கொண்டுவந்தது. வறுமையோடு போராடும் தெற்கத்தி ஊர்க்காரர் ஒருவர் அந்த வரியைப் படிக்கும்போது அகராதியைப் புரட்டி வேர்ச்சொல் தேடவா போகிறார்? அவருக்குக் கேட்பது வசவுதான். நல்ல எண்ணம் எழுதியவரிடம் இருக்கிறது, காயம் படித்தவரிடம் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதுவும் வலுவானது. எழுத்தாளர் மேல் கேஸ் போடுவது ஆபத்தான பழக்கம்; எழுத்தின் தரத்தைக் கோர்ட் தீர்மானிக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். பசோலினி வாழ்நாள் முழுக்க வழக்குகளோடு அல்லாடியவர், பலதும் அயோக்கியத்தனமானவை. ஆனால் நான் பேசுவது தண்டனையைப் பற்றி இல்லை, பதிலைப் பற்றி. கார் போன பிறகும் அந்த ஊர் வாயைத் திறந்தது. அதனால்தான் ஒரு கடந்துபோகும் வரி, ஏழ்மையையும் விலக்கத்தையும் பற்றிய பொது விவாதமாக மாறியது. தொடரின் மற்றப் பத்திகளைவிட அந்தப் பத்தி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்றால், அதில் பாதிப் பங்கு குட்ரோவுடையது.

பிறகு 1964-இல் பசோலினி ‘மத்தேயு நற்செய்தி’ படத்தை எடுத்தார். மத்தேராவின் குகை வீடுகள், குட்ரோவிலிருந்து ரொம்பத் தூரமில்லாத லெ காஸ்தெல்லா கோட்டை, தெற்கின் வெயில். தொழில்முறை நடிகர்களைத் தேடாமல் அந்த மண்ணின் முகங்களை அருகில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் கேமரா நின்று நேரம் கொடுக்கிறது. வழக்கினால்தான் இப்படி மாறினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தெற்கு, காரில் வந்தவருக்கு வெஸ்டர்ன் செட்டாகத் தெரிந்தது. இறங்கி நின்றவருக்கு வேதாகமத்தின் நிலமாகத் தெரிந்தது. இரண்டாவதும் அவர் போட்ட வேஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் இந்த முறை ஊர்க்காரர்கள் அந்த வேஷத்துக்குள் தங்கள் சொந்த முகத்தோடு இருக்கிறார்கள்.

*

ஆகவே பயணக் கட்டுரைகளுக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ரொம்ப எளிது. அழகாக எழுதியிருக்கிறாரா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பதெல்லாம் அப்புறம். அந்த ஊரில் ஒருவர் இதைப் படித்தால் மறுத்துப் பேச இதில் ஏதாவது இருக்கிறதா? நிழலில் உட்கார்ந்த கிழவருக்கு, ஞானம் சொல்வதைத் தவிர, கோபப்பட இடம் உண்டா? நம் இணைய இதழ்களில் வரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை யாரையும் புண்படுத்துவதில்லை. மரியாதையினால் என்றால் சந்தோஷம். எனக்கென்னவோ, அந்த ஊர்களில் யாரையும் நாம் அடையாளம் தெரியும்படி எழுதவே இல்லை என்பதுதான் காரணமாகப் படுகிறது. புகார் வரும் அளவுக்கு நெருங்கிப்போய்த் தப்பாக எழுதிய பசோலினியை, அந்த வகையில், நான் இன்னும் மதிக்கிறேன்.

‘இல் சொர்பாஸோ’வின் முடிவில் ஒரு வளைவில் முந்தப்போய்க் கார் பாறைச்சரிவில் விழுகிறது. புரூனோ வெளியே குதித்துவிடுகிறான். ரொபெர்த்தோ செத்துப்போகிறான். போலீஸ்காரர் பெயரைக் கேட்கிறார். ரொபெர்த்தோ என்று மட்டும்தான் புரூனோவால் சொல்ல முடிகிறது. குடும்பப் பெயர் தெரியாது. நேற்றுக் காலையில்தான் பழக்கம். ஒன்றரை நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன்.