தூண் காத்ததா?

மயிலைக் கடற்கரையில், சாந்தோம் ஆலயத்தின் பின்புறம் ஒரு மரத்தூண் நிற்கிறது. ஏசுவின் சீடர் தோமையார் நட்டது அது, கடல் அதைத் தாண்டாது என்று அவர் வாக்களித்தார் எனக் கூறுகிறது மரபுக்கதை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சீறி எழுந்தது. ஆலயத்துள் நீர் புகவில்லை. "தூண் காத்தது!" என்றனர் பக்தர்கள்.

கதை அழகானதுதான். அதன் அழகோடு நமக்கு வழக்கில்லை, தோழர்களே! அதற்குள் ஒளிந்து நிற்கும் தீர்ப்போடுதான் வழக்கு.

ஆலயத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியது சீனிவாசபுரம். மீனவர் குப்பம். அன்று அலை அங்கே குடிசைகளை வாரிச் சென்றது, உயிர்களைக் குடித்தது. தூண் காத்தது என்றால், காக்கப்படாத அவர்கள் யார்? பாவிகளா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எவரேனும் அப்படிச் சொல்லத் துணிவரா? வாய் சொல்லாது, ஆனால் கதை சொல்லிவிடுகிறது. ஒருவனைத் தேவன் தேர்ந்து காத்தான் என்று பாடும்போதே, மற்றவனைத் தேர்ந்து கைவிட்டான் என்ற பழியும் பிறந்துவிடுகிறது.

நம்பினோர் காக்கப்பட்டனர் என்பரேல், வேளாங்கண்ணியைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மேட்டில் நின்ற ஆலயம் தப்பியது. கரையில் நின்ற யாத்திரிகரும், கடை விரித்திருந்த ஏழைகளும் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். கல்லைக் காத்த கருணை, கைகூப்ப வந்தவரைக் கைவிட்டதா?

இக்கேள்வி புதிதன்று. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. வழிபட்டுக் கொண்டிருந்தோர் மீதே ஆலயங்கள் சரிந்தன. மறு ஆண்டே வால்டேர் அதைக் கவிதையாக்கி, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கூண்டில் ஏற்றினார்.

பைபிளே இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. 91-ஆம் சங்கீதம், பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் நம்பியவனை அழிவு அணுகாது என்று உறுதி தருகிறது. யோபுவின் நூலோ, துன்பம் வந்தது பாவத்தால்தான் என்று வாதாடிய நண்பர்களைக் கடவுளே கண்டிப்பதாக முடிகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் ஏசு பேசுகிறார். அவர்கள் மற்றவரைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்கிறார். நேர்மையான சொல்! ஆனால் அடுத்த மூச்சிலேயே, மனந்திரும்பாவிடில் நீங்களும் அழிவீர் என்கிறார். வாசல் வழி வெளியேற்றிய அச்சம் சாளரம் வழி மீண்டும் நுழைகிறது.

தூண் கதையோ யோபுவை மறந்தது; சீலோவாமையும் மறந்தது; சங்கீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டது.

மயிலையின் உட்தெருக்களிலும் அன்று கடல் புகவில்லை. கபாலீசுவரர் கோயிலும், கடைகளும், நாத்திகன் வீடும் ஒருசேரத் தப்பின. அவற்றுக்கெல்லாம் எவர் நட்ட தூண்? காத்தவை கரையிலிருந்து இருந்த தொலைவும், நிலத்தின் உயரமுமே!

சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சென்னையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓடித் தப்பப் போதிய நேரம்! சொல்லத்தான் ஆளில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்தான். தேவ தீர்ப்பு என்று பெருமூச்சுவிட்டு அமர்ந்திருந்தால் அதுவும் அமைந்திராது.

அன்று வீடிழந்து ஓடிவந்தோர்க்குச் சாந்தோம் ஆலயம் அடைக்கலம் தந்தது. அதை மனமாரப் போற்றுவோம். நனைந்து நடுங்கி வந்தவர்களைக் காத்தது, கடலை நோக்கி நிற்கும் தூணன்று. தெருவை நோக்கித் திறந்த கதவு. திறந்தவை மனிதக் கைகள்!