உறைக்குள் பெயர் மட்டும்

2015 மே மாதக் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சி விமர்சகர்கள் தங்கள் 'கிரிட்டிக்ஸ் சாய்ஸ்' விருதை டேவிட் ஓயெலோவோவுக்குக் கொடுத்தார்கள். பிரிவு, குறுந்தொடர் அல்லது தொலைக்காட்சிப் படத்தின் சிறந்த நடிகர். படம் 'நைட்டிங்கேல்'. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத அந்த எச்பிஓ படத்தில் திரையில் தெரிவது அவர் ஒருவர்தான். தாயைக் கொன்றுவிட்டு அதே வீட்டில் பொழுதைக் கழிக்கும் முன்னாள் படைவீரன். பழைய நண்பன் ஒருவனை விருந்துக்கு வரவழைக்க வேண்டும் என்று தவிக்கிறான், திரும்பத் திரும்பப் போன் செய்கிறான். மறுமுனையில் இருப்பவரின் முகம் நமக்குத் தெரியாது. அவன் குரலிலிருந்த குழைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதை வைத்துத்தான் பேச்சு எங்கே போகிறது என்று பிடிபடும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் எம்மி விருது 'ஆலிவ் கிட்டரிட்ஜ்' தொடரின் ரிச்சர்ட் ஜென்கின்ஸுக்குப் போனது. ஜென்கின்ஸ் ஒன்றும் குறைந்தவர் அல்ல. ஆனால் நைட்டிங்கேல் என்று ஒரு படம் இருப்பதை ஊருக்குச் சொன்னது விமர்சகர் விருதுதான். விமர்சகர்கள் விருது கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

எம்மியில் வாக்களிப்பவர்கள் பல்லாயிரம் தொழில்துறையினர். விமர்சகர்களோ சிறு கூட்டம், தொடர்களைப் பார்த்து எழுதுவதே அவர்களுக்குப் பிழைப்பு. இந்த வித்தியாசம் தொடக்க ஆண்டுகளில் கண்கூடாகத் தெரிந்தது. அப்போது விழா ஜூனை ஒட்டி, எம்மியின் பரிந்துரைப் பட்டியல் வருவதற்கும் முன்பே நடந்தது. 2012-இல் 'ஷெர்லாக்' தொடருக்காக பெனடிக்ட் கம்பர்பாட்ச், 2014-இல் 'ஃபார்கோ'வின் பில்லி பாப் தோர்ன்டன், 2015-இல் ஓயெலோவோ. மூன்று முறையும் அதே ஆண்டின் எம்மி வேறொருவரிடம் போனது. அந்த நான்கு ஆண்டுகளில் நடிகர்களில் இரண்டு மேடையிலும் ஏறியவர் 2013-இன் மைக்கேல் டக்ளஸ் மட்டுமே.

பிறகு 2016 ஜனவரியில் தொலைக்காட்சி விருதைத் திரைப்பட விருதோடு ஒரே விழாவாகச் சேர்த்தார்கள். ஆஸ்கர் பருவத்தில் நட்சத்திரக் கூட்டத்துக்குக் குறைவிருக்காது, கணக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எம்மிக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த விருது அன்றிலிருந்து எம்மிக்குப் பின்னால் வந்து நின்றது. கோர்ட்னி பி. வான்ஸ், சாரா பால்சன், நிக்கோல் கிட்மன், டேரன் கிறிஸ், ஜாரெல் ஜெரோம், மிஷெல் வில்லியம்ஸ், கேட் வின்ஸ்லெட், அமாண்டா செய்ஃப்ரெட் என்று எம்மி வாங்கிய கையோடு, சில மாதம் கழித்து, விமர்சகர் விருதையும் வாங்கிப்போனவர்களின் வரிசை நீளம். ஒருவரும் தகுதியற்றவர் அல்ல. ஆனால் செப்டம்பரில் கேட்ட பெயரை ஜனவரியில் மறுபடி கேட்க விமர்சகர் எதற்கு? வேலைநிறுத்தத்தால் எம்மி தள்ளிப்போன 2024-இல் இன்னும் வேடிக்கை. ஜனவரி 14 இரவு விமர்சகர் விருது, மறுநாள் இரவு எம்மி. இரண்டிலும் 'பீஃப்' தொடருக்காக ஸ்டீவன் யூனும் அலி வாங்கும்.

ஒரே தட்டில் இரண்டு பண்டம் வைக்கும் கோளாறும் உண்டு. எட்டு மணி நேரத் தொடரில் பாத்திரத்தை அணு அணுவாகக் கட்டலாம், எண்பது நிமிடப் படத்தில் அதற்கு இடமேது? 2016-இலிருந்து 2025 வரை இந்தப் பிரிவில் தொலைக்காட்சிப் படத்துக்காக வென்றவர் 'வியர்ட்' படத்தின் டேனியல் ராட்க்ளிஃப் மட்டுமே. நையாண்டிப் படத்தில் முழுநேரக் கோமாளித்தனம் செய்தவரைத் தேர்ந்தெடுக்கத் துணிச்சல் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். 'குறு' என்ற சொல்லையும் நம்புவதற்கில்லை. 'லூதர்' நான்காம் சுற்றுக்கு வந்த பிறகு இட்ரிஸ் எல்பா இந்தப் பிரிவில் வென்றார்.

யார் முதன்மை நடிகர் என்பதிலும் இதே குழப்பம்தான். ஸ்டீவ் மெக்வீனின் 'ஸ்மால் ஆக்ஸ்' ஐந்து தனித்தனிப் படங்களின் தொகுப்பு. அதில் லண்டன் காவல்துறையில் சேரும் கறுப்பின இளைஞனாக ஜான் பொயேகா ஒரு முழுப் படத்தைத் தாங்குகிறார். 2021-இல் அதே நடிப்புக்கு கோல்டன் குளோப் துணை நடிகர் விருது கொடுத்தது, சில நாளில் விமர்சகர்கள் முதன்மை நடிகர் விருது கொடுத்தார்கள். படத்தைப் பார்த்த எவருக்கும் விமர்சகர்கள் சொன்னதுதான் சரி என்று தெரியும். 2019-இல் எமி ஆடம்ஸுக்கும் பட்ரீஷியா ஆர்க்வெட்டுக்கும் வாக்குகள் சமமாகி இருவரும் வென்றதையும் நான் குறையாக நினைக்கவில்லை. நடிப்பைத் தராசில் நிறுத்தால் அப்படியும் ஆகும்.

எனக்கு உறுத்துவது வேறு. விமர்சகரின் தொழில் காரணம் சொல்வது. விருது மேடையிலோ உறை பிரிகிறது, ஒரு பெயர் வருகிறது, கைதட்டல், அடுத்த பிரிவு.

ஜாரெல் ஜெரோமையே எடுத்துக்கொள்வோம். 'வென் தே சீ அஸ்' தொடரில், செய்யாத குற்றத்துக்குச் சிறை போகும் ஐந்து சிறுவர்களில் நால்வருக்குச் சிறுவயதில் ஒரு நடிகர், வளர்ந்தபின் வேறு நடிகர். கோரி வைஸுக்கு மட்டும் இரண்டுக்கும் ஜெரோம்தான். நண்பனுக்குத் துணையாகக் காவல் நிலையம் போன பதினாறு வயதுப் பையன், காது சரியாகக் கேட்காதவன். முதல் பகுதியில் யார் பேசினாலும் தலையை முன்னுக்கு நீட்டி, புரியாததற்கும் தலையாட்டி வைக்கிறான். கடைசிப் பகுதியில், பெரியவர்களுக்கான சிறையில் பல ஆண்டு கழிந்தபின், தோள் கனத்து, குரல் தடித்து வேறு மனிதனாக நிற்கிறான். ஆனாலும் அம்மா பார்க்க வரும்போது அந்தப் பையனின் முகம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. ஒப்பனையால் வருவதல்ல அது.

2020 ஜனவரியில் இந்த நடிப்புக்கு விமர்சகர்கள் விருது கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்க்கவும் எழுதவும் தெரிந்தவர்கள் சேர்ந்து கொடுத்த விருது. அன்று மேடையில் அறிவிக்கப்பட்டது அவர் பெயரும் தொடரின் பெயரும்தான்.