இரண்டாவது அடி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ரோலிங் மில் ஒன்றின் மதிலோரம் ராத்திரியில் நின்று கேளுங்கள். அடியில் உலையின் உறுமல். தகதகவென்று காய்ந்த எஃகுக் கட்டியான பில்லட் உருளைக்குள் தலை கொடுக்கும்போது ஒரு ‘தொம்’. கம்பியாக நீண்டு தண்ணீருக்குள் பாய்கையில் ‘சுர்ர்’. அப்புறம் ஆறப்போட்ட கம்பிகள் சரியும் கலகலப்பு. அந்தத் ‘தொம்’ ஒருமுறை வந்த மாதிரி மறுமுறை வருவதில்லை. சண்டைக் காட்சிக்குக் கணினி வாத்தியம் தேடும்போது என் காது கேட்பது இதைத்தான்.

அந்த வாத்தியத்துக்குள் இருப்பது சாம்பிள்; யாரோ எங்கோ அடித்துப் பதிந்து வைத்த அடி. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி (MIDI) மொழியில், விசையை அடிக்கும் வேகம் 1 முதல் 127 வரை போகும். நல்ல சாம்பிள் தொகுப்பில் மெல்லத் தட்டினால் தோல் முனகும், ஓங்கினால் அதட்டும். மட்டமானதில் ஒரே அடிக்கு வால்யூம்தான் ஏறி இறங்கும். ஒரே பலத்திலும் பல தடவை அடித்துப் பதிந்து, அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்க விடுவதை ‘ரவுண்ட் ராபின்’ என்பார்கள். அது இல்லாத டிரம்மை வேகமாக உருட்டிப் பாருங்கள், தையல் மெஷின் ஓடும்.

தொகுப்பை விற்கப் போட்டுக் காட்டும் டெமோவை நான் நம்புவதில்லை. அது கல்யாண ஆல்பம், அதில் எல்லோரும் அழகுதான். எதிரொலி கூட்டும் ரிவெர்ப்பை அணைத்துவிட்டு ஒற்றை டிரம்மில் நாலு அடி. இரண்டாவது அடி முதலாவதின் நகல் என்றால் அதோடு சரி.

2011இல் வந்த ஹெவியாசிட்டியின் ‘டேமேஜ்’ போன்ற தொகுப்புகள் அருமையானவைதான். ஆனால் மதுரை ரவுடிக்கும் மங்கோலியப் படைக்கும் ஒரே ஜப்பானிய டைகோ முரசின் இடி என்றால் எனக்குக் கொட்டாவி வருகிறது. நம் பறையோ தீயில் காய்ச்சி முறுக்கேற்றப்படுவது. வாசிக்க வாசிக்கத் தோல் தளரும், குரல் இறங்கும். அடிக்குச்சியின் கனத்த அடிக்கும் சிம்புக்குச்சியின் சடசடப்புக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். ஒரு நாள் பதிவில் அந்தத் தளர்ச்சி எங்கே அகப்படும்?

1986இல் ‘புன்னகை மன்னன்’ இசைக்குள் இளையராஜா கணினியைக் கொண்டுவந்தார். இன்று வீட்டு மேசைமேலேயே ஆர்க்கெஸ்ட்ரா. ‘கைதி’ (2019) மாதிரி பாட்டே இல்லாமல் ஒரே ராத்திரியில் லாரி ஓடும் படத்தில் பாரமெல்லாம் பின்னணி இசையின் தலையில். அங்கே இடியைவிட, இடித்தபின் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதே பெரிய கணக்கு.

போன மாதம் ஹார்டுவேர் கடையொன்றில் எட்டு எம்.எம். கம்பித் துண்டைத் தரையில் போடச் சொல்லிப் பதிந்தேன். ஒரு ஆக்டேவ் இறக்கினால் ஒலி இரட்டிப்பாக நீளும். கம்பி கர்டர் ஆகிவிடும். கடைப் பையன் ஏழு தடவை போட்டான். ஐந்தாவது தடவை சலித்துப்போய்க் கொஞ்சம் சாய்த்துப் போட்டான். கீபோர்டில் என் விரல் அடிக்கடி போய் நிற்பது அந்த விசையில்தான்.